பொலிஸ் சுட்டு ஒருவர் இறந்தால் அடுத்து நடக்க வேண்டியது என்ன?

2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில், உயிரி எரிவாயுத் திட்டம் ஒன்றுக்காக மண் வெட்டியபோது மனித எலும்புகள் தென்பட்டன. தொடர்ந்த அகழ்வில் 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தன. அவை 1986க்கும் 1990க்கும் இடையில் புதைக்கப்பட்டவை என்று தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். மாத்தளை நீதவான் அந்த வளவைக் குற்றம் நடந்த இடமாக அறிவித்தார். பிறகு அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் கார்பன் பரிசோதனை, எலும்புகள் 1950க்கு முந்தியவை என்றது. ஜனாதிபதி ஆணைக்குழுவும் அமைக்கப்பட்டது. புதைந்து கிடந்தவர்கள் யார் என்பது மட்டும் நிலைநாட்டப்படவில்லை.

எலும்புகளின் வயது பற்றிய வாதம் ஒருபுறம் இருக்கட்டும். 1987–89 ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய நடவடிக்கையும் மாத்தளையில் பல பிள்ளைகளை வீடு திரும்பாதவர்களாக்கின என்பதில் வாதம் இல்லை. பொலிஸார் சுடலாமா கூடாதா என்று இன்று நாம் விவாதிக்கும்போது, அந்தப் பத்தாண்டின் ஒரு சட்ட விதியை நினைவில் வைத்திருப்பது நல்லது. 1983 ஜூனில் வந்த அவசரகால விதி 15ஏ, பாதுகாப்புச் செயலாளரின் அனுமதியோடு சடலங்களை மரண விசாரணை இல்லாமலே புதைக்கவோ எரிக்கவோ பொலிஸாருக்கு இடம் கொடுத்தது. மரண விசாரணை இல்லையென்றால் இறந்தவரின் பெயர், காயம், சுட்ட துப்பாக்கி எதுவும் எழுத்தில் பதியாது. பதியாத மரணத்துக்கு யாரும் பொறுப்புக் கூறத் தேவையில்லை. பெரும் அநியாயம் அந்த இடத்தில்தான் நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

வழமையான சட்டம் சொல்வது வேறு. கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான பலத்தைப் பொலிஸார் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கொல்லும் உரிமையை அது தராது என்று 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கூறுகிறது. தற்காப்பு உரிமை பொலிஸாருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. அதுவும் ஆபத்தின் அளவைத் தாண்டக் கூடாது. நீதிமன்றத்தின் கட்டளை இல்லாமல் எவரும் மரணத்தால் தண்டிக்கப்படலாகாது என்பது அரசியலமைப்பின் 13(4) உறுப்புரை. 2003இல், பொலிஸார் கைது செய்த பின் விளக்கமறியலில் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றம் இந்த உறுப்புரையிலிருந்தே வாழும் உரிமையை எடுத்துக் காட்டியது.

இருந்தும் ஏறக்குறைய ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். சந்தேகநபரை ஆயுதம் காட்டுவதற்காக அழைத்துச் சென்றோம், அவர் தாக்க முயன்றார், சுட்டோம். 2020 ஒக்டோபரில் பாதாள உலகத் தலைவர் எனப்பட்ட மாகந்துரே மதூஷ் மாளிகாவத்தையில் இறந்தார்; போதைப்பொருளைக் காட்ட அழைத்துச் சென்றபோது நடந்த துப்பாக்கிச்சூட்டில் சிக்கினார் என்றது பொலிஸ். 2021 மே மாதத்தில் ஊரு ஜுவா, கொஸ்கொட தாரக என்று அறியப்பட்ட இருவர் சில நாள் இடைவெளியில் கொல்லப்பட்டனர். தாரகவின் உயிருக்கு ஆபத்து இருப்பதாகச் சட்டத்தரணிகள் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். பாதாள உலகக் கும்பல்களால் வெறுத்துப்போன மக்களில் பலர் இதை வரவேற்கிறார்கள், அவர்களுடைய பயம் நியாயமானது. ஆனால் 1976க்குப் பிறகு இந்த நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிபதி விதித்தும் நிறைவேறாத தண்டனை, வழக்கு விசாரணையே இல்லாமல் இரவோடிரவாக நிறைவேறினால் அதை நீதி என்று எப்படிச் சொல்வது?

நீதவான் உண்மையாகத் துருவினால் விடயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெலிகம சம்பவம் சான்று. 2023 டிசம்பர் 31 அன்று கொழும்பிலிருந்து சென்ற பொலிஸ் குழுவுக்கும் உள்ளூர்ப் பொலிஸாருக்கும் இடையே அங்கே துப்பாக்கிச்சூடு நடந்தது, ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் இறந்தார். அதை விசாரித்த மாத்தறை நீதவான் நீதிமன்றம் அப்போதைய பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோனையே கைது செய்யுமாறு உத்தரவிட்டது. 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கியது. இறந்தவரும் பொலிஸ்காரராக இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மாத்தளையிலோ வேறெங்கோ ஒரு குடும்பத்துக்கு இந்த நிலை வந்தால் கையில் இருக்கும் வழிகள் இவை. பொலிஸ் காவலில் நேரும் மரணத்தை உடனே நீதவானுக்கு அறிவிக்க வேண்டும், அவர் சடலத்தைப் பார்த்து விசாரிக்க வேண்டும் என்பது குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 371ஆம் பிரிவு. அந்த விசாரணைக்குச் சட்டத்தரணி ஒருவருடன் போங்கள். பிரேத பரிசோதனையைச் சட்ட வைத்திய அதிகாரி செய்ய வேண்டும் என்று கேளுங்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அதன் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. தேசிய பொலிஸ் ஆணைக்குழுவும் முறைப்பாடுகளை ஏற்கிறது.

இன்னொன்று, நம் குடும்பங்களுக்குக் கடினமானது. தகனம் செய்வது நமது வழக்கமாக இருந்தாலும், மரணத்தில் சந்தேகம் இருந்தால் அடக்கம் செய்யுங்கள். தேவைப்பட்டால் நீதவானின் உத்தரவோடு உடலைத் தோண்டியெடுத்து மறுபடியும் பரிசோதிக்க முடியும்.