துருவத்தின் இரு வானங்கள்: புயல், மேகம், அதிகாரம்

மேகம் என்றாலே நமக்குக் குளிர்ச்சி. பழந்தமிழில் மழை என்ற சொல்லே மேகத்தையும் குறித்தது. கொடை, கருணை, நிழல், தூது என்று நம் மொழிக் கிடங்கில் மேகத்தோடு ஒட்டிக்கிடக்கும் அநேகமும் வெயிலிலிருந்து விடுதலை சம்பந்தப்பட்டவை. பூமியின் இரு கோடிகளில் இந்தச் சொல்லாடல் தலைகீழாகிறது. அங்கே வருஷத்தின் பெரும்பகுதி மேகம் சூடேற்றுகிறது. அந்த மேகத்தைச் சுமந்துவந்து இறக்குவதில் பெரும்பங்கு புயல்களுடையது. நம் சிறுபத்திரிகைகளில் வருகிற சுற்றுச்சூழல் எழுத்துகளில் 'துருவப் பனி உருகுகிறது' என்ற வாக்கியம், ஏதோ ஐஸ்கட்டியை வெயிலில் வைத்த கதைபோல வந்துபோகிறது. எனக்கு இதில் சங்கடம் உண்டு. மாதக்கணக்காக வெயிலே படாத இடத்தில் பனியைப் பலவீனமாக்குவது எது என்று யாராவது கேட்கவேண்டாமா?

விஷயம் ஒன்றும் கம்பசூத்திரமில்லை. மார்கழியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிற ராத்திரிதான் பனி கொட்டும். மூட்டம் போட்ட ராத்திரி புழுங்கும். தரை தன் சூட்டை அகச்சிவப்புக் கதிராக மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. மேகமில்லையென்றால் அதில் பெரும்பகுதி விண்வெளிக்குத் தப்பிவிடும். இருந்தால் மேகம் அதை வாங்கிக்கொண்டு, தானும் கீழ்நோக்கி வெப்பத்தை அனுப்பும். நம் பக்கத்தில் மேகம் பகலில் மறைப்பது பெரிய காரியம், இரவில் போர்த்துவது சின்னக் காரியம். துருவக் குளிர்காலத்தில் மறைப்பதற்கு வெயில் இல்லை; போர்வை மட்டும்தான். வெயில் வந்த பிறகும் கீழே கிடக்கும் வெண்பனியே முக்கால்வாசி ஒளியைத் திருப்பி அடித்துவிடுவதால், மேகத்தின் நிழலுக்கு அங்கே அவ்வளவாக வேலை கிடையாது.

1997 அக்டோபரில் கனடாவின் பனியுடைப்புக் கப்பல் ஒன்றை போஃபோர்ட் கடலின் உறைபனியில் வேண்டுமென்றே சிக்கவைத்து, ஒரு வருஷம் மிதக்கவிட்டு அளந்தார்கள். ஷீபா என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். நடுக்கோடையில் சில வாரங்கள் நீங்கலாக, வருஷம் முழுக்க மேகம் பனிப்பரப்பைச் சூடேற்றியே வந்தது என்பது அதில் தெரிந்தது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. குளிர்கால ஆர்க்டிக்குக்கு இரண்டே இரண்டு நிலைகள். ஒன்று, தெளிந்த வானம்: பனிப்பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் கணக்கில் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். மற்றது, நீர்த்துளி மேகம் மூடிய வானம்: இழப்பு ஏறத்தாழ பூஜ்யம். நடுவில் தங்குவது குறைவு. 2015இல் ஸ்வால்பார்டுக்கு வடக்கே பனியில் உறைந்து நின்ற நார்வேக் கப்பலின் அளவுகளும் இதையே சொல்லின. இருமை எதிர்வுகளைக் கட்டுடைத்தே பழகிய நமக்கு, இயற்கையே ஓர் இருமையைக் கொண்டுவந்து நிறுத்துவது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே கட்டுடைய வேண்டியது 'சராசரி' என்கிற புனைவு. துருவத்தின் சராசரிக் குளிர்கால நாள் என்பது யாரும் குடியிருக்காத வீடு. சராசரி உயர்ந்துவிட்டது என்றால், முதல் நிலையில் கழியும் நாட்கள் குறைந்து இரண்டாவதில் கழிபவை கூடிவிட்டன என்பதும் அதன் பொருளாக இருக்கலாம்.

ஒரு நிலையிலிருந்து மற்றதற்குத் தள்ளிவிடுவதுதான் புயலின் வேலை. புயல் என்றதும் வங்கக்கடல் புயலை நினைத்துக்கொள்ளக்கூடாது. நம்முடையது வெதுவெதுப்பான கடல்நீரின் ஆவியைத் தின்று வளர்வது. துருவத்துக்குப் போகும் புயல்களில் பெரும்பாலானவை சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் முட்டிக்கொள்ளும் எல்லையில் பிறப்பவை. அவற்றின் முன்பாதி தெற்கின் ஈரக்காற்றை வடக்கே இழுத்துவருகிறது. அந்தக் காற்று, தரையோடு படிந்துகிடக்கும் கனத்த குளிர்காற்றின் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. புயல் கடந்ததும் அழுத்தம் ஏறி, வானம் மெல்லத் தெளிகிறது. ஆனால் பனிமேல் வீசிய குளிர்காற்று திறந்த கடலுக்கு மேல் இறங்கினால் கதை வேறு. அடியிலிருந்து சூடும் ஈரமும் ஏற, சால் பிடித்து உழுத வயல்போல மேகங்கள் வரிசையாக எழுகின்றன.

இந்த மேகங்களில் ஓர் அதிசயம் உண்டு. மைனஸ் 20 டிகிரியிலும் நீர் நீராகவே இருக்கிறது. பனித்துகளும் நீர்த்துளியும் ஒரே மேகத்தில் இருந்தால், துளியிலிருந்து ஆவி பிரிந்து துகளில் போய்ப் படியும். துகள் கொழுக்கும், துளி சாகும். 1930இல் கிரீன்லாந்துப் பனியிலேயே இறந்துபோன ஆல்ஃபிரெட் வெகனர் இதை முதலில் ஊகித்தவர்களில் ஒருவர். இந்தக் கணக்குப்படி துருவ மேகங்கள் சில மணிகளில் பனியாய் உதிர்ந்துவிடவேண்டும். அவையோ நாட்கணக்கில் நிற்கின்றன. மேகத்தின் உச்சி குளிர்ந்து குளிர்ந்து உள்ளே கிளறிவிடுவதும், மேலேயிருந்து வரும் ஈரமும் துளிகளைப் புதுப்பிக்கின்றன. நீர் மேகம் கனத்த போர்வை. முழுக்கப் பனியாகிவிட்ட மேகம் பெரும்பாலும் ஓட்டைத் துணிதான். ஆகவே புயல் எவ்வளவு மேகத்தைக் கொண்டுவந்தது என்பதைவிட, எந்த நிலையில் கொண்டுவந்தது என்பதே கேள்வி.

2015 டிசம்பர் கடைசியில் அட்லாண்டிக்கிலிருந்து ஏறிய ஒரு புயல், வடதுருவத்தை ஒட்டி மிதந்த கருவியில் வெப்பநிலையை 0 டிகிரிக்கு மேலே ஏற்றியது. நட்ட நடு துருவ இரவில்! 2019இல் புறப்பட்டு ஓராண்டு ஆர்க்டிக் பனியோடு மிதந்த ஜெர்மானியக் கப்பல் போலார்ஸ்டெர்னும் 2020 ஏப்ரல் நடுவில் இதையே சந்தித்தது. மைனஸ் 30 டிகிரியில் இருந்த காற்று சில நாட்களில் 0-வை நெருங்கியது. அந்தப் பயணத்தின் அளவுகளிலிருந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. மேகத்துளி உண்டாகத் தூசோ உப்போ ஒரு பொடி வேண்டும். துருவக் காற்று சிலசமயம் அவ்வளவு சுத்தம், பொடியில்லாமல் மேகமே பிடிக்காது. புயல் காற்று, கடற்பனிமேல் கிடக்கும் உப்பேறிய வெண்பனியைக் கிளப்பிப் பறக்கவிடுகிறது. பனி ஆவியாகிவிட நுண்ணிய உப்பு மட்டும் காற்றில் மிஞ்சுகிறது. அதைப் பற்றிக்கொண்டு மேகம். ஆக, புயல் ஈரத்தை மட்டுமல்ல, மேகத்துக்கான விதையையும் தானே தூவிக்கொள்கிறது.

2012 கோடையில் இரண்டு சம்பவங்கள். ஜூலையில் கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுவதும் உருகியது. சூடான காற்று வந்தது வாஸ்தவம். ஆனால் உச்சியில் அதை உருகுநிலை தாண்டவைத்தது மெல்லிய நீர் மேகம். வெயிலை உள்ளே விடும் அளவு மெலிசு, வெப்பத்தை வெளியே விடாத அளவு கனம். ஆகஸ்டில் சைபீரியாவிலிருந்து கிளம்பிய புயல் 966 மில்லிபார் வரை இறங்கி ஆர்க்டிக்கின் நடுவே சுழன்றது. செப்டம்பரில் கடற்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. இன்றுவரை முறியாத குறைந்த அளவு. புயல்தான் பனியைத் தின்றது என்று அப்போது நிறையப் பேர் எழுதினார்கள். பிறகு செய்த கணக்குகள், அந்தப் புயல் வராவிட்டாலும் சாதனை முறிந்திருக்கும் என்றன. பனி ஏற்கனவே மெலிந்திருந்தது. ஒரேயொரு வில்லனைத் தேடும் கதையாடல் இங்கும் செல்லாது.

தெற்கில் கதை அரசியலாகிறது. அண்டார்டிகாவைச் சுற்றிய கடலில் புயல்கள் ஓய்வதேயில்லை. அந்தக் கடலின் பெரும்பகுதி எந்நேரமும் மேகத்தடியில்தான். பல ஆண்டுகளாகக் கணினி மாதிரிகள் அந்தப் புயல்களின் பின்பாதியில் உள்ள மேகங்களை நீராகக் கணக்கிடாமல் பனியாகக் கணக்கிட்டன. அதனால் வெயில் அளவுக்கு மீறிக் கடலில் விழுந்தது, மாதிரிகளில்தான் சொல்கிறேன். 2019-20 வாக்கில் வந்த மாதிரிகள் இதைத் திருத்தியபோது விபரீதம் ஒன்று நேர்ந்தது. பனி நீராக மாறும்போது மேகம் வெண்மையாகி வெயிலைத் தடுக்கும் என்பது எதிர்காலத்துக்கான ஒரு காப்பு. மேகம் இப்போதே நீர் என்றால் அந்தக் காப்பு குறைந்துபோகிறது. கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி 5 டிகிரிக்கு மேல் சூடாகும் என்று சில மாதிரிகள் சொல்லத் தொடங்கின. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021இல் மற்றச் சான்றுகளையும் சேர்த்து 2.5 முதல் 4 வரை என்று வரையறுத்தது. யார் இன்னும் எவ்வளவு புகைவிடலாம் என்ற பேரத்தின் எண்கள், யாரும் குடியிருக்காத ஒரு கடலின் மேகத்துளி உறைந்ததா இல்லையா என்பதிலும் தொங்குகின்றன.

அங்கே நின்று பார்த்தவர்கள் யார் என்றும் கேட்கவேண்டும். கனடாவின் வடகோடித் தீவுகளில் அமெரிக்காவும் கனடாவும் 1947 தொட்டு வானிலை நிலையங்கள் அமைத்தன. பனிப்போர்க் காலம். அவற்றில் ஒன்று ரெசல்யூட். 1953இல் கியூபெக்கின் இனுக்ஜுவாக் ஊரிலிருந்து இன்யூட் குடும்பங்களைப் பெயர்த்தெடுத்து ரெசல்யூட்டிலும் கிரைஸ் ஃபியோர்டிலும் இறக்கினார்கள். மாதக்கணக்கான இருட்டை அறியாத ஜனங்கள். திரும்பிவரலாம் என்ற வாக்குறுதி காற்றோடு போயிற்று. கனடா அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல். இன்யூட் மொழியில் 'சிலா' என்ற சொல் வானிலையையும் அறிவையும் ஒருசேரக் குறிக்கும். வானிலை முன்போல் இல்லை, கணிக்க முடியவில்லை என்று அவர்களுடைய வேட்டைக்காரர்கள் 1990களிலேயே சொன்னார்கள். அதெல்லாம் 'பாரம்பரிய அறிவு' என்ற தனி அலமாரிக்குப் போயிற்று.

மேகத்தின் உள்ளே பார்க்கும் ரேடார் செயற்கைக்கோள் கிளவுட்சாட் 2006இல் ஏறியது. 82 பாகைக்கு அப்பால் அது போகாது. 2011இல் மின்கலம் பழுதானபிறகு, வெளிச்சமுள்ள பக்கத்தில் மட்டும்தான் வேலை செய்தது. துருவ இரவு, அதாவது மேகம் போர்வையாக மட்டுமே இருக்கும் காலம், அதன் கணக்கிலிருந்து விழுந்துவிட்டது. 2023இல் அதுவும் நின்றது. அடுத்த ரேடார், எர்த்கேர், 2024 மே மாதம் ஏவப்பட்டது.