கோடு போடும் கைக்குக் கூட்டாளிகள்



நம் தோட்டப் பள்ளிகளில் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் படம் வரைந்து ஆசிரியரிடம் அகப்படும் பிள்ளை ஆண்டுக்கு ஒன்றாவது இருக்கும். கோழி, கோயில் மணி, அப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாம் அங்கே உயிரோடு இருக்கும். இடைநிலைப் பள்ளிக்குப் போன இரண்டு மூன்று ஆண்டுகளில் அந்தக் கை ஓய்ந்துவிடுகிறது. திறமை போய்விட்டது என்கிறோம். திறமை எங்கும் போகவில்லை. "சக்கரம் ஏன் முட்டைபோல் இருக்கிறது?" என்று பரிவோடு கேட்க ஒருவரும் இல்லாமற் போனதுதான் காரணம்.

கோலாலம்பூரில் 1952ஆம் ஆண்டு பீட்டர் ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயர் இதற்கு எளிய வழி ஒன்று கண்டார். கல்வித் துறையில் ஓவியக் கல்வியைக் கவனித்துவந்தவர் அவர். ஓவிய ஆர்வலர்கள் வாரந்தோறும் கூடி வரைய ஏற்பாடு செய்தார். புதன்கிழமை கூடியதால் 'புதன் ஓவியக் குழு' என்றே பெயர் ஏற்பட்டது. அதன் உறுப்பினர்களில் கிரேஸ் செல்வநாயகம், சிவம் செல்வரத்தினம் என்ற தமிழ்ப் பெயர்களையும் காண்கிறோம்.

அக்குழுவைச் சேர்ந்த சுல்கிப்ளி பூயோங் 1948இல் பிறந்தவர். பள்ளி மாணவராக இருக்கும்போதே, 1964இல், 'கெலம்பு' என்னும் படத்தை வரைந்தார். கெலம்பு என்றால் நமக்குத் தெரியாதா? கொசுவலைதான்! கொசுவலையும் சிறுபிள்ளைகளும், அவ்வளவே படம். அதைத் தேசிய ஓவியக் காட்சிக்கூடம் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது. வரையத் தகுந்த பொருள் வேறெங்கோ இருக்கிறது என்று எண்ணும் பிள்ளைக்கு இதைச் சொல்ல வேண்டும்.

சரி, ஜாசினிலோ ஆசாகானிலோ இருக்கும் பிள்ளை புதன்தோறும் கோலாலம்பூருக்குப் போக முடியுமா? இன்று போக வேண்டியதில்லை. அமெரிக்காவின் சியாட்டல் நகரில் பத்திரிகை ஓவியராக இருந்த கேப்ரியல் கம்பனாரியோ, 2007இல் இணையத்தில் ஒரு கூட்டத்தைத் தொடங்கினார். 'அர்பன் ஸ்கெட்சர்ஸ்' என்பது அதன் பெயர். நகரத்தை வரைவோர் என்று பொருள் கொள்ளலாம். இன்று பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. கோலாலம்பூரிலும் பினாங்கிலும்கூட இருக்கின்றன. 2015இல் சிங்கப்பூரில் அதன் உலகக் கூட்டம் நடந்தது. எழுத்தர், மருத்துவர், ஓய்வு பெற்றவர் எனப் பலரும் இதில் இருக்கிறார்கள்.

அவர்களுக்குச் சில விதிகள் உண்டு. நேரில் கண்டதை, கண்ட இடத்திலேயே உட்கார்ந்து வரைய வேண்டும். புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் கணக்கில் சேராது. பேனாவோ பென்சிலோ வண்ணமோ, எதுவும் ஆகும். ஆகவே பள்ளிப் பிள்ளையின் பந்துமுனைப் பேனாவும் பழைய நோட்டுமே போதும். வரைந்து முடித்ததும் எல்லாரும் தங்கள் நோட்டுகளைத் தரையில் வரிசையாக விரித்துவைத்துச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். தேர்ந்தவர் நோட்டும் முதல்நாள் வந்தவர் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். நாம் சொன்ன அந்த முட்டைச் சக்கரத்தின் சூட்சுமம் அங்கேதான் பிடிபடும். வட்டத்தைச் சாய்வாகப் பார்த்தால் கண்ணுக்கு முட்டை வடிவம்தான். பிள்ளை தவறு செய்யவில்லை, சாய்வைத்தான் சரியாகப் பிடிக்கவில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளையின் படத்தைத் தாயோ தகப்பனோ தம் கைப்பேசி வழியாகவே அனுப்புங்கள். வீடு, பள்ளி, பிள்ளையின் முகம் ஆகியவற்றைக் காட்ட வேண்டாம். இக்கூட்டத்தின் வழக்கமான சந்திப்புகளுக்குக் கட்டணம் கிடையாது. அதன் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் விசாரித்துக்கொள்ளுங்கள். தெரியாதவர் தனியே பேச அழைத்தால் பதில் வேண்டாம். சந்திப்புக்குப் போனால் கூடவே போங்கள். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காரலாம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

மலாக்கா நகரம் 2008இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அங்குள்ள சிவப்புக் கட்டடத்தை வரைய ஆளுக்குக் குறைவில்லை. பெரட்டுக் களத்தையும், லயத்து வாசற்படியையும், பால் நிறுத்த கொட்டகையையும் யார் வரைந்து வைத்திருக்கிறார்கள்? பால்மரம் போய்ச் செம்பனை வந்தது; பல தோட்டங்களில் லயங்களே இல்லை. இருந்த இடத்தைப் பாட்டியிடம் கேட்டால் விரலால் மண்ணில் கோடு போட்டுக் காட்டுவார்: இது கிணறு, இது கோயில், இது கிராணி வீடு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் பிள்ளையை நோட்டோடு உட்கார வையுங்கள். கோயிலும் ஆலமரமும் இன்னும் நின்றால், அங்கேயே அழைத்துப்போய் முதலில் அவற்றை வரையச் சொல்லுங்கள்.