பசிக்கு எழுதும் கணக்கு



வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாள்களில் நம் இல்லங்களிலும் கடைவீதிகளிலும் ஒரு வழக்கு தவறாமல் எழுகிறது. மக்களுக்கு விலையின்றி வழங்குவது அரசின் கடமையா, அல்லது கருவூலத்தை வீணே கரைப்பதா என்பதே அவ்வழக்கு. 2013-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் இதுபற்றித் தீர்ப்புரைத்தது. 2022 ஆகஸ்டில் அதே வினா மூவர் அமர்வின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. இலவசம் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிட்டு வாதிடுவதால் தெளிவு பிறப்பதில்லை. ஆகவே, நம் பிள்ளைகளின் தட்டில் விழும் உணவு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இதனைச் சிந்திப்போம்.

பள்ளியில் உணவளிக்கும் எண்ணம் நம் மாநிலத்திற்குப் புதிதன்று. 1920-ல், பிட்டி தியாகராயர் தலைமை வகித்த காலத்தில், சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியில் இதைத் தொடங்கியது. பிள்ளையொன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவு. வருகை பெருகியது, வேறு சில பள்ளிகளுக்கும் திட்டம் பரவியது. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட அன்றைய ஆங்கில அரசு இசையவில்லை. 1925-ல் அடுப்பு அணைந்தது. கல்விக்கு ஒதுக்கிய பணம் சோற்றுக்குப் போகலாகாது என்பது பார்வைக்கு நேர்மையான வாதமே. ஆனால் வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு அந்தச் சோறே கல்வியின் முதற்படி என்பதை அக்கணக்கு காணத் தவறிற்று.

1956-ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது, செலவில் ஒரு பங்கை ஊர்மக்களே ஏற்றனர். 1982 ஜூலை முதல் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். இவ்வளவு பெருஞ்செலவை ஓர் ஏழை மாநிலம் தாங்குமோ என்று அறிவுடையோர் பலர் அன்று ஐயுற்றனர். அவர்களது அச்சத்தை நாம் எள்ளி நகையாடலாகாது. ஒரு செலவு மற்றொன்றின் பங்கைக் குறைக்கும் என்பது உண்மையன்றோ? எனினும் அவர்கள் எண்ணாத வரவுகளும் இருந்தன. ஆதரவற்ற பெண்கள் பலருக்குச் சத்துணவுக் கூடத்தில் வேலை கிடைத்தது. பின்னாளில் முட்டையும் சேர்க்கப்பட்டபோது, பண்ணைகளுக்கு நிலையான கொள்முதல் வாய்த்தது. மதிய உணவுண்டு வளர்ந்த சிறுமியர் தாயானபோது, அவர்தம் மக்களிடையே உயரக் குறைபாடு குறைந்திருந்தது என்பதை இந்திய அளவில் செய்யப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வு காட்டுகிறது. ஒரு தலைமுறைக்கு இட்ட சோறு மறுதலைமுறையின் எலும்பிலும் சேர்கிறது.

ஆயின், செலவு செய்தாயிற்று என்பதோடு கடமை தீர்ந்துவிடுமா? 2004 ஜூலை 16-ஐ நாம் மறக்கவியலாது. அன்று கும்பகோணத்தில், பள்ளியொன்றின் சமையலிடத்தில் எழுந்த தீ கூரைக்குத் தாவி, 94 பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. வகுப்பறையை அடுத்துச் சமையலும், மேலே ஓலைக் கூரையும், நெருங்கியிருந்த பிள்ளைகளும். அரிசிக்குப் பணம் இருந்தது. தகுந்த சமையற்கூடத்திற்கும் பாதுகாப்பான கட்டடத்திற்கும் பொறுப்பேற்பார் இல்லாது போயினர். ஊதியத்திலும் இக்குறையே. சமைப்பவருக்கு மாதம் 1000 ரூபாய் மதிப்பூதியம் என்று 2009-ல் மத்திய அரசு வகுத்த அளவு பல்லாண்டுகள் அசையாமலே கிடந்தது. மாநிலங்கள் சில தம் பங்குக்குக் கூட்டித் தந்தன. முக்கால்வாசி செய்துவிட்டுக் கால்வாசியை மறுப்பதே பெரும் வீண்செலவு என்பது என் துணிபு.

அண்மைக் காலை உணவுத் திட்டத்தையும் இவ்வாறே நோக்குவோம். 2022 செப்டம்பர் 15-ல், 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில், ஏறத்தாழ 1 லட்சத்து 14 ஆயிரம் பிள்ளைகளுக்கு அது தொடங்கிற்று. ஒதுக்கிய தொகை 33 கோடியே 56 லட்சம் ரூபாய். அடுத்த ஆண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிள்ளைகளோ காத்திருந்தனர். ஊர்ப்புறத்தார்க்கு 2024 ஜூலையிலும், நகர்ப்புறத்தார்க்கு 2025 ஆகஸ்டிலுமே அது வந்து சேர்ந்தது. நம் பங்குகளைச் சார்ந்த பள்ளிகள் பலவும் இவ்வகையினவே. அங்கும் விடியலில் வயலுக்கும் கட்டட வேலைக்கும் புறப்படும் பெற்றோரின் மக்களே பயில்கின்றனர். பள்ளியை நடத்துவோர் யாவர் என்று பசி கேட்பதில்லை. நிதி ஒரே நாளில் கிட்டாது, படிப்படியாகவே விரிக்கவியலும் என்பது அரசின் நியாயம். காத்திருந்த மூன்றாண்டில் முதல் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்பை எட்டிவிட்டது என்பது பிள்ளையின் நியாயம். இரண்டையும் தராசில் வைத்தே தீர்ப்புரைக்க வேண்டும்.

அப்படியாயின் நாம் செய்யத்தக்கது யாது? அடுத்தமுறை இவ்வழக்கு எழும்போது, எவ்வளவு செலவு என்று கேட்பதோடு நில்லாமல், செலவு முழுமையாகச் சென்று சேர்ந்ததா என்றும் கேட்போம். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திலும் நமக்கு இடமுண்டு. கூட்டத்திற்குச் சென்று, சமையற்கூடத்தின் கூரையையும் குடிநீர்த் தொட்டியையும் கண்ணால் பாருங்கள். அரிசியின் தரத்தைக் கையால் அள்ளிப் பாருங்கள். சமைக்கும் அம்மாவுக்குச் சென்ற மாத ஊதியம் வந்ததா என்று கேளுங்கள். குறை கண்டால் ஒன்றியத்து அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். கருவூலத்தில் இருப்பது நம் வரிப்பணம். அதன் கணக்கைச் சட்டமன்றத்தில் மட்டுமன்று, பிள்ளையின் தட்டருகிலும் நின்று சரிபார்ப்பது குடிமக்களாகிய நம் பொறுப்பு.