அழித்தது பாஸை, படுத்தது விண்டோஸ்

2011 செப்டம்பரில் தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கிரப் என்ற பூட் நிரல் ஒரு மெனு காட்டிக் கேட்கும். பாஸ், டெபியனை அடிப்படையாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கியது.

உள்ளூரில் செய்த சரக்கு என்பதற்காக எல்லோரும் அதை விட்டுவைக்கவில்லை. இடத்தை அடைக்கிறது என்று, விண்டோஸுக்குள் இருந்தபடியே லினக்ஸ் பார்ட்டிஷனை டெலீட் செய்தவர்கள் உண்டு. அப்போது ஒன்றும் ஆகாது. அடுத்த முறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற வரிதான். விண்டோஸும் வராது.

காரணம், ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டர். மொத்தமே 512 பைட். அதில் 64 பைட், நான்கு பார்ட்டிஷன்களுக்கான அட்டவணை. 2 பைட், அடையாளக் குறி. பூட் நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட். அதற்குள் ஒரு மெனுவை எப்படி அடக்குவது? அதனால் கிரப் தன் தலையை மட்டும் டிஸ்கின் தொடக்கத்தில் வைத்துக்கொண்டு, மெனுவையும் மற்றதையும் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைக்கிறது. லினக்ஸை அழித்தால் தலை மட்டும் நிற்கும், உடம்பு இருக்காது. விண்டோஸ் ஃபைல்கள் பத்திரமாகத்தான் இருக்கும். எழுப்பிவிடத்தான் ஆள் இல்லை. இதற்குப் போய் முழு டிஸ்கையும் ஃபார்மட் அடிப்பது அநியாயம். விண்டோஸ் டிவிடியில் பூட் செய்து 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' கொடுத்தால், அந்த 446 பைட் விண்டோஸ் கைக்குத் திரும்பிவிடும். இதை முதலில் செய்துவிட்டுப் பார்ட்டிஷனை அழித்திருந்தால் வம்பே இல்லை.

லினக்ஸை வைத்துக்கொள்பவர்களுக்கு வேலை சுலபம். பார்ட்டிஷனை மாற்றியதும் 'அப்டேட்-கிரப்' கொடுத்தால் மெனு புதிதாக எழுதப்படும். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தானாக ஓடாது. விண்டோஸ் மெனுவில் காணோமென்றால் பதறாமல், '/இடிசி/டீஃபால்ட்/கிரப்' ஃபைலில் அதை அனுமதித்துவிட்டு 'அப்டேட்-கிரப்'பை மறுபடி ஓட்டவும்.

இப்போதைய யுஇஎஃப்ஐ மெஷின்களில் பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி முறையில் இருக்கும். வழக்கமாக 128 பார்ட்டிஷன் வரை போடலாம். பூட் பட்டியல் மதர்போர்டின் நினைவகத்திலும் பதிவாகிறது. லினக்ஸை அழித்த பிறகும் அதன் பெயர் எஃப்12 மெனுவில் எட்டிப் பார்ப்பது இதனால்தான். லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளையில் அந்தப் பதிவின் எண்ணைக் கொடுத்து நீக்கலாம். எண்ணை இரண்டு தடவை பாருங்கள். விண்டோஸின் எண்ணும் அதே பட்டியலில்தான் இருக்கும்.