எம்.எஸ்.டபிள்யூ. ஃப்ளைட் ஏறுமா?

'எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சா போதும் மச்சி, லண்டன்ல வேலை கன்ஃபர்ம்!'

சோஷியல் வொர்க் டிபார்ட்மென்ட் பக்கம் அடிக்கடி காதில் விழும் டயலாக் இது. பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிஞ்சுக்காம கிளம்புறவங்கதான் அங்கே போய் திருதிருன்னு முழிக்கிறாங்க.

நம்ம ஊரில் யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டில் 'சோஷியல் வொர்க்கர்' என்று அச்சடித்துக்கொள்ளலாம். பிறந்தநாளுக்கு நாலு பேருக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தவரும் சோஷியல் வொர்க்கர், ரெண்டு வருஷம் கேஸ் வொர்க், குரூப் வொர்க் என்று மாங்கு மாங்கென்று படித்தவரும் சோஷியல் வொர்க்கர். இங்கிலாந்தில் இந்தக் கதை நடக்காது. 2005 ஏப்ரலில் இருந்து அந்தப் பெயருக்கு அங்கே சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவேட்டில் இல்லாதவர் அப்படிச் சொல்லி ஏமாற்றினால் குற்றம்.

ஏன் இந்தக் கெடுபிடி? அங்கே ஒரு குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பாதுகாப்பில் வைக்கணுமா என்ற கேள்வி கோர்ட்டுக்குப் போகும்போது, வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுதுவது சோஷியல் வொர்க்கர்தான். தப்பா எழுதினால் ஒரு குடும்பமே சிதறிப்போகும்.

யார்கிட்ட போகணும்?

இங்கிலாந்துக்கு 'சோஷியல் வொர்க் இங்கிலாந்து'. 2019 டிசம்பரில் பொறுப்பேற்ற அமைப்பு. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள். அயர்லாந்து குடியரசில் 'கோரு'. நியூசிலாந்தில் 2021 பிப்ரவரி முதல் பதிவு கட்டாயம். ஆஸ்திரேலியாவில் நாடு முழுமைக்குமான பதிவுச் சட்டம் கிடையாது. ஆனால் அங்கே குடியேற நினைப்பவர்களின் டிகிரியை அந்நாட்டு சமூகப் பணியாளர் சங்கம்தான் எடை போடுகிறது.

எதைப் பார்ப்பாங்க?

டிகிரியின் பெயரை மட்டும் இல்லை, உள்ளே என்ன இருக்கு என்பதைப் பார்ப்பார்கள். முக்கியமா ஃபீல்டு வொர்க். இங்கிலாந்து மாணவர்களுக்கு 200 நாள் களப் பயிற்சி, அதுவும் குறைந்தது ரெண்டு வேறு வேறு இடங்களில். ஆஸ்திரேலியாவில் சுமார் 1,000 மணி நேரம். நம்ம காலேஜ்களில் வாரம் ரெண்டு நாள் ஃபீல்டு வொர்க், கடைசியில் பிளாக் பிளேஸ்மென்ட். கணக்கு போட்டால் தேறும். ஆனால் தேறுகிறது என்று காட்ட பேப்பர் வேணுமே!

இன்னொரு சிக்கல் ஸ்பெஷலைசேஷன். இங்கே நிறையப் பேர் எம்.எஸ்.டபிள்யூ.வில் ஹெச்.ஆர். எடுக்கிறோம். ஃபீல்டு வொர்க் ஃபேக்டரியில். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு சூப்பர். வெளிநாட்டில் கோப்பைப் புரட்டுகிறவரோ, 'குழந்தைகள், குடும்பங்கள், மனநலப் பிரச்னை உள்ளவர்களோடு எப்போ வேலை செய்தீங்க?' என்று தேடுவார். அங்கே ஃபேக்டரி அனுபவம் மட்டும் கைகொடுப்பது கஷ்டம். வெளிநாட்டு ஆசை இருந்தால், ஸ்பெஷலைசேஷன் ஃபாரத்தில் டிக் அடிக்கும் முன்பே யோசிங்க.

நம்ம பக்கம் ஒரு ஓட்டை

மும்பை டாட்டா இன்ஸ்டிட்யூட் தொடங்கியது 1936-ல். மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் 1952-ல். இத்தனை வருஷம் ஆகியும், வக்கீலுக்கு பார் கவுன்சில் மாதிரி எல்லா சோஷியல் வொர்க்கருக்குமான சட்டபூர்வ கவுன்சில் இந்தியாவில் இல்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் மெடிக்கல், சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர்கள் இடம்பிடித்தார்கள். மற்றவர்களுக்கு? 'உங்க நாட்டில் பதிவு செய்திருக்கிறீர்களா?' என்று கேட்டால் காட்ட ஒண்ணும் இல்லை. அதனால் முழு பாரமும் நம்ம மார்க்ஷீட், சிலபஸ், அனுபவச் சான்றிதழ் தலையில்தான்.

உஷார்!

'சோஷியல் வொர்க் ஜாப்' என்று சொல்லி 'கேர் வொர்க்கர்' வேலைக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்கள் உண்டு. ரெண்டும் ஒண்ணு இல்லை. முதியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டுவது கேர் வொர்க். மரியாதையான வேலைதான், ஆனால் நீங்க படித்தது அதுக்காக இல்லை. தவிர, வெளிநாட்டிலிருந்து புதிதாக கேர் வொர்க்கர்களை எடுப்பதை பிரிட்டன் 2025 ஜூலை 22-ல் நிறுத்திவிட்டது. 'அந்த விசா வாங்கித் தர்றேன்' என்று இனி யாராவது பணம் கேட்டால், பர்ஸை மூடிக்கிட்டு நடையைக் கட்டுங்க.

இப்பவே என்ன செய்யலாம்?

சிலபஸ் காப்பியில் டிபார்ட்மென்ட் முத்திரை வாங்குங்க. ஃபீல்டு வொர்க் நாட்கள், மணி நேரம், ஏஜென்சி பெயர், சூப்பர்வைசர் கையெழுத்து எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். அஞ்சு வருஷம் கழித்துப் போனால் ஹெச்.ஓ.டி. மாறியிருப்பார், சிலபஸும் மாறியிருக்கும். பழைய ரெக்கார்டை யார் தேடித் தருவது?

இன்னிக்கு ராத்திரி ஃபீல்டு வொர்க் ரிப்போர்ட்டை ஃப்ரெண்டைப் பார்த்து காப்பி அடிக்கலாம்னு கை துறுதுறுக்குதா? வேணாம் பாஸ். நாளைக்கு உங்களுக்காகப் பேசப்போறது அந்த நோட்டுதான். உங்க கையெழுத்திலேயே இருக்கட்டும்!