வேப் எண்ணெயில் கலந்த வைட்டமின்

மருந்துக்கடையில் விற்கும் பச்சை நிற வைட்டமின் ஈ கேப்சூலைப் பலர் விழுங்குவதில்லை; ஊசியால் குத்திப் பிழிந்து முகத்தில் தடவிக்கொள்கிறார்கள். அதற்குள் பெரும்பாலும் இருப்பது வைட்டமின் ஈ அசிடேட். தோலுக்கும் வயிற்றுக்கும் ஒத்துப்போகிற இதே எண்ணெய்தான் 2019இல் அமெரிக்காவில் வேப் எனும் மின்சிகரெட் பிடித்தவர்களின் நுரையீரலைக் கெடுத்தது. 2020 பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் 68 பேர் இறந்தார்கள். ஆய்வுக்கு எடுத்த 51 நோயாளிகளில் 48 பேரின் நுரையீரல் நீரில் இந்த எண்ணெய் இருந்தது.

அது வேப்புக்குள் போனதற்குக் காரணம் வியாபாரம். வேப் கார்ட்ரிட்ஜில் நிரப்பும் கஞ்சா எண்ணெய் பிசுபிசுப்பானது, விலையும் அதிகம். லேசான எண்ணெயைக் கலந்து அளவைக் கூட்டினால், கார்ட்ரிட்ஜைச் சாய்த்ததும் காற்றுக்குமிழி விறுவிறுவென ஓடிக் காட்டிக்கொடுத்துவிடும். வைட்டமின் ஈ அசிடேட்டோ அதே கெட்டி, கிட்டத்தட்ட அதே நிறம். குமிழி மெதுவாகத்தான் நகரும். வாங்குகிறவர் சுத்தமான சரக்கு என்று நம்பிவிடுவார்.

நுரையீரலின் நுண்ணறைகளுக்குள் கொழுப்பும் புரதமும் சேர்ந்த மெல்லிய படலம் உண்டு. மூச்சை விடும்போது அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அதுதான். இந்த எண்ணெய் படலத்துக்குள் புகுந்து அதை இளக்கிவிடுகிறது என்பது ஒரு விளக்கம். சூட்டில் சிதைந்து கீட்டீன் என்ற நச்சு வாயு உண்டாகிறது என்பது இன்னொன்று. எது எவ்வளவு கெடுத்தது என்பது இன்னும் முடிவாகவில்லை.

மற்றக் கலப்புகளும் சாதுவானவை அல்ல. புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் மிகையாகச் சூடானால் ஃபார்மால்டிஹைடு வரும். மணத்துக்குச் சேர்க்கும் டெர்பீன்களிலிருந்து பென்சீன்கூட வரலாம். 'உணவில் சேர்க்கிற பொருள்தானே' என்ற சமாதானம் இங்கே செல்லாது. குடலுக்கு ஜீரணிக்கத் தெரியும், நுரையீரலுக்குத் தெரியாது.

இந்தியாவில் கர்நாடகம் மின்சிகரெட் விற்பனையை 2016லேயே தடை செய்தது. 2019இல் நாடு முழுவதும் தடை வந்தது. கஞ்சா 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. ஆகவே பெங்களூரில் கைமாறும் கஞ்சா கார்ட்ரிட்ஜ் எதையும் எந்த ஆய்வகமும் சோதித்துச் சான்று தருவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வேப் பழக்கம் உள்ளவருக்கு இருமல், மூச்சிரைப்பு, நெஞ்சுவலியோடு வாந்தியும் காய்ச்சலும் வந்தால், டாக்டரிடம் பழக்கத்தை மறைக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் இந்த நுரையீரல் பாதிப்பு நிமோனியா மாதிரியே தெரியும். சொல்லாவிட்டால் ஆன்டிபயாடிக்கிலேயே நாள் ஓடிவிடும். பழக்கத்தை விட நினைப்பவர்களுக்குப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது.