அஞ்சுதெங்குக் கோட்டை

கோடை விடுமுறையில் குடும்பத்துடன் அஞ்சுதெங்குக் கோட்டைக்குச் சென்று வந்தோம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே, வர்கலா போகும் வழியில் கடலோரத்தில் உள்ளது. ரயிலில் செல்வோர் கடக்காவூரில் இறங்கலாம்.

'அஞ்சு தெங்கு' என்றால் ஐந்து தென்னை. தெங்கு நம் பழந்தமிழ்ச் சொல்தான் என்பதை, மலையாளம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அவசியம் சொல்ல வேண்டும்.

ஆற்றிங்கல் ராணியின் அனுமதி பெற்று 1690களில் மிளகு வாணிபத்துக்காக ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது இக்கோட்டை. 1721 ஏப்ரலில் ராணிக்குப் பரிசுகளுடன் ஆற்றிங்கலுக்குச் சென்ற கம்பெனியார் சுமார் 140 பேரை, மிளகு விலை முதலியவற்றில் நடந்த அநியாயங்களால் கொதித்திருந்த மக்கள் தாக்கினர். தப்பியவர் சிலரே. கோட்டையும் மாதக்கணக்கில் முற்றுகையில் இருந்தது. பிளாசிப் போருக்கு 36 ஆண்டுகள் முந்தைய எழுச்சி இது!

வெயில் கடுமை, குடையும் குடிநீரும் கட்டுச்சோறும் கொண்டு செல்லுங்கள். மதிலைத் தொட்டுப் பார்த்துக் கேட்ட வரலாற்றைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.